இரண்டு கிண்ணம் மருந்து

ஏரிக்கரை நகரமான மட்சுயேயில் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு டிரைவர் கதோவாக்கி இசாவோவின் முகம் ஞாபகம் இருக்காது, குரல் இருக்கும். "அடுத்தது கோட்டை வாசல். வண்டி நின்ற பிறகு எழுந்திருங்கள்." மழையோ பனியோ, கூட்டமோ காலி வண்டியோ, ஒரே நிதானம். மைக்கில் நாள் பூராவும் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிதருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். குளியல், சோறு, படுக்கை. இந்த மூன்று வார்த்தைதான் அவர் பெண்டாட்டி கினுயேவிடம் பேசும் பேச்சு என்று மைத்துனி தமாயே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பல நாள் அந்த மூன்றும்கூடத் தேவைப்படாது. கினுயே முகத்தைப் பார்த்தே வெந்நீர் நிரப்பிவிடுவாள்.

கினுயே அப்படியில்லை. கோட்டைப் பக்கத்து இனிப்புக் கடையில் வேலை பார்த்தவள். பெட்டியில் இனிப்பை அடுக்கிக் காகிதம் சுற்றி முடிப்பதற்குள் வந்தவரின் குடும்பக் கதையை முழுக்கக் கேட்டுவிடுவாள். தபால்காரர் வந்தாலும் சரி, கேஸ் மீட்டர் பார்க்க வருபவர் வந்தாலும் சரி, பச்சைத் தேயிலைப் பொடியைக் கிண்ணத்தில் போட்டு சின்ன மூங்கில் மத்தால் நுரைக்க அடித்து நீட்டாமல் அனுப்ப மாட்டாள். அந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் கினுயே அடிக்கிற நுரைக்கு ஒரு பெயர் உண்டு.

பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருமாக வயதானார்கள்.

இசாவோ ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் பாய் விரித்த அறைக்குள் போனபோது, காலியான மேஜையைச் சுற்றி நாலைந்து சோற்றுருண்டைகள் தட்டுகளில் வைக்கப்பட்டிருந்தன.

"யாருக்கு இது?"

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருக்குதுங்களே. பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்திருக்கும் போல. பசிக்கும்ல?"

இசாவோ திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அந்தக் குழந்தைகளின் மேல் கால் பட்டுவிடாதபடி ஓரமாக நடந்து வெளியே போனார். ஏன் அப்படி நடந்தோம் என்று பிறகு அவருக்கே புரியவில்லை.

குழந்தைகள் வந்ததில் கஷ்டம் இல்லை. அவர்கள் வரும்போது கினுயே சந்தோஷமாகத்தான் இருந்தாள். பொழுது சாயும் நேரம்தான் வேறு மாதிரி ஆயிற்று. ஏரி மேல் வெளிச்சம் மங்க மங்க அவள் கண்ணில் ஒரு சந்தேகம் வந்து குடியேறும். எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது.

"எங்க வீட்டுல உனக்கு என்னடா வேலை? எங்க வீட்டுக்காரர் வந்தா தெரியும் சேதி!"

ஒரு சாயங்காலம் துடைப்பக் கட்டையால் அவர் தோளில் ஓங்கிப் போட்டாள். இசாவோ வீட்டுச் செருப்போடு மழையில் போய் நின்றார். உள்ளே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அவள் அழுகிற சத்தம் கேட்டது. "என்னங்க, சீக்கிரம் வாங்களேன், வீட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க" என்று அவரைத்தான் கூப்பிட்டு அழுதாள். கூப்பிடும் தூரத்தில் அவர் நனைந்துகொண்டு நின்றார்.

தமாயே ஏரியின் மேற்குக் கரையில், பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அழகு நிலையம் வைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள். நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. விஷயம் தெரிந்ததும் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"ஏன் அத்தான், தோள்ல இவ்ளோ பெரிய காயத்தை வச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கீங்களே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

"டாக்டர்கிட்ட சொன்னா ஏதாவது ஆகும்ல? நாளைக்கே கிளம்புங்க."

முதலில் போன ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சத்தம் நின்றது. கூடவே கினுயேவும் நின்றுபோனாள். கை கால் மரக்கட்டையாக விறைத்தது, வாயோரம் எச்சில் வழிந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அக்காவின் தலைமுடியை வாரிவிட வந்த தமாயே சீப்பைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு அவ துடைப்பத்தால அடிச்சதே மேல் அத்தான்."

இசாவோவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அடித்தவள் கினுயே. இது யாரோ.

மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஃபுகுமா என்று ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயசிருக்கும், கொஞ்சம் பருமன், நோயாளியின் முழங்கால் தன் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார். கினுயேவின் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். வயிற்றில் விரல்களை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். "குழந்தைங்க இன்னைக்கு வந்தாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"காலையில வந்தாங்க. ஒண்ணுக்கு மூக்கு ஒழுகுது" என்றாள் கினுயே.

டாக்டர் இசாவோ பக்கம் திரும்பினார்.

"இல்லாதவங்க கண்ணுக்குத் தெரியறது இந்த மறதி வியாதியோட குணம். இவங்களுக்குச் சில மாத்திரை சுத்தமா ஒத்துக்காது, உடம்பு விறைச்சுடும். அதனால மூலிகை மருந்து ஒண்ணு குடுத்துப் பார்க்கலாம். யோகுகன்சான்னு பேரு. முன்கூட்டியே சொல்லிடறேன், போன ஞாபகம் இதுனால திரும்பி வராது. மூளையில நடக்கறதை இது நிறுத்தாது. ஆனா அந்தக் கோபம், பயம், கண்ணுல தெரியற காட்சி, இதெல்லாம் சில பேருக்குத் தணியுது. சில பேருக்குத் தணியறதில்ல."

"கோபம் தணிஞ்சா போதும்" என்றார் இசாவோ. பிறகு, "பயம் தணிஞ்சா போதும்" என்று திருத்திக்கொண்டார்.

டாக்டர் அவர் தாடையைக் கவனித்தார்.

"நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்களா?"

"தெரியாதுங்க. தாடை வலிக்கும்."

"நாக்கை நீட்டுங்க. வயித்தையும் காட்டுங்க." அவர் படுத்ததும் விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். இசாவோவுக்கு மூச்சு முட்டியது. "எவ்ளோ நாளா இப்படி இறுகிப்போய் இருக்கு? இந்த மருந்து முதல்ல அழுகிற குழந்தைங்களுக்காக வந்தது. பொழுதுக்கும் வீறிட்டு அழுற குழந்தைக்குக் குடுக்கும்போது தாயாருக்கும் சேர்த்துக் குடுப்பாங்க. குழந்தை அழுதா அம்மா கலங்குவா, அம்மா கலங்கினா குழந்தை இன்னும் அழும். அதனால ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. உங்களுக்கும் எழுதறேன், சேர்ந்து குடிங்க."

மருந்துக் கடையை விட்டு வெளியே வந்ததும் தமாயே மருந்துப் பையை வாங்கிப் புரட்டினாள். "கல்லீரலை அடக்குற பொடின்னுல்ல பேர் போட்டிருக்கு? அக்காவுக்குக் கோளாறு மூளையில. கல்லீரலுக்கு எதுக்கு மருந்து?"

"கோபம் கல்லீரல்லதான் இருக்குன்னு அந்தக் காலத்து வைத்தியருங்க சொல்வாங்களாம். மருந்துக் கடையில சொன்னாங்க."

"அப்ப உங்க கல்லீரல் காலியாத்தான் கிடக்கும் அத்தான். உங்களுக்குத்தான் எதுவுமே வராதே."

மருந்து மரப்பட்டை நிறத்தில் குருணையாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் கொடுக்க வேண்டும். வாயில் போட்டால் பல்செட்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. கினுயே முகத்தைச் சுளித்துத் துப்பினாள். தயிரில் கலந்து கொடுத்தார், தயிரையும் துப்பினாள். ஸ்பூனை நீட்டினால் கையைத் தட்டிவிட்டாள். மருந்துக் கடைப் பெண், "வெந்நீர்ல கரைச்சுக் குடுத்துப் பாருங்க, அந்த வாசனை மூக்குல ஏறணும்" என்றாள். கண்ணாடித் தம்ளரில் கரைத்துக் கொடுத்தார். "இது என்ன சாக்கடைத் தண்ணி?" என்று கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அலமாரியில் இருந்த தேநீர்க் கிண்ணங்கள் இசாவோவின் கண்ணில் பட்டன. இரண்டை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் மருந்து, கொஞ்சம் வெந்நீர். மூங்கில் மத்தை எடுத்து, அவள் செய்வதைப் பார்த்திருந்த ஞாபகத்தில் அடித்தார். மழையில் நனைந்த மரத்தின் வாசனை வந்தது. பின்னாலேயே லேசான ஒரு இனிப்பு வாசனை, அதிமதுரம். நுரை என்று பெரிதாக எதுவும் வரவில்லை. கிண்ணத்தை அவள் முன்னால் வைத்து, இரண்டு கையையும் பாயில் ஊன்றித் தலை வணங்கினார். வாழ்க்கையில் அவளுக்கு அவர் தேநீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கினுயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதிலுக்கு வணங்கினாள். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் மெல்லத் திருப்பி, மூன்று மடக்கில் குடித்து முடித்தாள். கடைசி மடக்கைச் சத்தத்தோடு உறிஞ்சினாள், முறைப்படி. பிறகு கிண்ணத்தின் விளிம்பை விரலால் துடைத்தாள்.

"கசக்குதே."

"மருந்துதான். எனக்கும் இருக்கு, பாரு."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா? பாவம்." அவர் குடித்து முடிக்கும்வரை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நுரை வரணும்னா மணிக்கட்டைத் தளர்த்திக்கிட்டு அடிக்கணும். இப்படிப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி அடிச்சா வராது."

அன்றிலிருந்து தினமும் இரண்டு கிண்ணம் வைத்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், விளக்குப் போட எழுந்தபோதுதான் அன்றைக்கு யாரும் தன்னைத் திருடன் என்று சொல்லவில்லை என்பது இசாவோவுக்கு உறைத்தது. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் கொஞ்சம் சத்தம் போட்டாள், ஆனால் துடைப்பத்தைத் தேடவில்லை. குழந்தைகளும் நாளுக்கு நாள் குறைந்தார்கள். ஐந்து தட்டு மூன்றாயிற்று, பிறகு ஒன்று. அந்த ஒரு குழந்தையும் வராத நாளில் கினுயே வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க போல. சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு என்னவோ போல் இருந்தது. விரட்டிவிட்டது தான்தானே என்று நினைத்துக்கொண்டார். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு அது நிஜமான பிரிவுதான். கூட இருங்க" என்றார்.

கூட இருப்பதென்றால் என்ன செய்வதென்று இசாவோவுக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். இலையுதிர்காலம். குளிருக்குப் பழைய கருநீலக் கோட்டை மாட்டியிருந்தார், பஸ் கம்பெனி கொடுத்தது. மேற்கு வெயில் கண்ணாடிக் கதவு வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. கினுயே திரும்பி அந்தக் கோட்டின் பொத்தான்களைப் பார்த்தாள்.

"டிரைவருங்களா? இந்த வண்டி எப்ப கிளம்பும்?"

யோசிக்காமலே பழைய குரல் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பும். உட்காருங்கள்."

"அவசரம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரும் டிரைவர்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, கதோவாக்கின்னு."

"கேள்விப்பட்டிருக்கேன்."

"பேசவே மாட்டாரு" என்றாள் கினுயே. புகார் மாதிரி இல்லை. ஊரின் மழையைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது.

அப்படி ஆரம்பித்தது. தினமும் மருந்து குடித்த பிறகு, வெயில் இருக்கும்வரை அவள் டிரைவரோடு பேசினாள். கடை முதலாளியம்மா சர்க்கரையை எங்கே ஒளித்து வைப்பாள், தமாயே சின்ன வயசில் எந்தப் பையனுக்காக முடியைச் சுருட்டிக்கொண்டாள், எல்லாம் வந்தது. இசாவோ "அப்படியா" என்பார், "அப்புறம்" என்பார். இரண்டு வார்த்தைதான். ஆனால் அந்த இரண்டும் இருந்தால் ஒரு மனுஷி எவ்வளவு தூரம் பேசிக்கொண்டே போவாள் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

ஒரு நாள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க வேத்து மனுஷர்தானே. நான் ஒரு தடவை அவரை விட்டுட்டுக் கிளம்பிட்டேன்."

இசாவோ அவள் பக்கம் திரும்பினார். "அப்படியா."

"கல்யாணமாகிக் கொஞ்ச வருஷம். வயித்துல வந்தது தங்கல. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் பாட்டுக்குத் தொப்பியை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டார். ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ரெண்டு துணியை மூட்டை கட்டிக்கிட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு பஸ் ஏறினேன். அவர் வழக்கமா ஓட்டற வண்டி இல்ல அது, பார்த்துத்தான் ஏறினேன். ஏறி உட்கார்ந்து பார்த்தா, ஓட்டறது அவரு! யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு மாத்தி விட்டிருக்காங்க."

"அப்புறம்?"

"கண்ணாடியில என்னைப் பார்த்துட்டாரு. மைக்கை எடுத்துக்கிட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, அங்கே குலுங்கும், உடம்புக்கு ஆகாது, முன்னால் வாருங்கள்னு சொன்னாரு. பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. மானம் போச்சேன்னு எழுந்து முன்னாடி போய் உட்கார்ந்தேன். அப்புறம் ஒவ்வொரு ஸ்டாப் சொல்லும்போதும் கூட ஒண்ணு சேர்த்துக்கிட்டாரு. வலது பக்கம் பாருங்கள், இன்னைக்குச் சிப்பிப் படகு நிறைய வந்திருக்கு. இடது பக்கம் அந்த வீட்டு ஆரஞ்சு மரம் போன வருஷத்தைவிட நல்லா காய்ச்சிருக்கு. கொக்கு நிக்குது பாருங்கள், ஒத்தைக் கால்ல. ஒரு கிழவர் சத்தமா சிரிச்சுட்டாரு, இன்னைக்கு டிரைவருக்கு என்ன ஆச்சுன்னு. எனக்குத்தான் சொல்றாருன்னு எனக்குத் தெரியும். ஏரிக்கரை பூரா பேசிக்கிட்டே வந்தாரு."

இசாவோவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஏரியைப் பார்க்கத்தான் கினுயே வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார். மடியில் இருந்த மூட்டை, தமாயேவுக்குக் கொண்டுபோகிற இனிப்பு என்று நினைத்திருந்தார். என்ன சொல்லி அவளைத் தேற்றுவது என்று ஒரு வாரமாகத் தெரியாமல் இருந்தவருக்கு, மைக் கையில் இருந்ததால் கொக்கைப் பற்றியாவது சொல்ல முடிந்தது.

"கடைசி ஸ்டாப்புல ஏன் இறங்கல?" என்று கேட்டார்.

"இந்த ஆளுக்கு மைக் குடுத்தா பேசறாரு, வீட்டுல மைக் இல்ல, அதான் கோளாறுன்னு நினைச்சேன்." கினுயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "திரும்பி வர்றப்பவும் அதே வண்டியில வந்துட்டேன்."

"கினுயே. அந்த ஆள் நான்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சம் கூச்சம்கூட வந்தது அவளுக்கு.

"சும்மா விளையாடாதீங்க. அவர் இவ்ளோ நேரம் உட்கார்ந்து காது குடுத்துக் கேப்பாரா?"

மறுநாள் தமாயே வந்ததும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இசாவோ கேட்டார். "அவ ஒரு நாள் உன் வீட்டுக்குக் கிளம்பி வந்தது உனக்குத் தெரியுமா?"

தமாயே ஒரு செருப்போடு நின்றாள். "பாய் விரிச்சு வச்சிட்டு பஸ் ஸ்டாப்புல காத்துக்கிட்டு நின்னேன் அத்தான். வண்டி வந்துச்சு. ஜன்னல் வழியா கையை ஆட்டிட்டுப் போயிட்டா. நான் பொரிச்சு வச்ச மீனையெல்லாம் நானே தின்னேன்." பிறகு, வழக்கமில்லாத மெதுவான குரலில், "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. இப்ப அவளே சொல்லிட்டாளா?" என்றாள்.

"டிரைவர்கிட்ட சொன்னா."

குளிர்காலம் வந்தது. கினுயேவுக்கு விடியற்காலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வலிக்க ஆரம்பித்தது. அவள் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இசாவோ தன் மருந்துப் பெட்டியைத் திறந்தார். முன்பு அவருக்கும் கால் இழுத்தபோது எலும்பு டாக்டர் கொடுத்த பொட்டலங்கள் மிச்சம் இருந்தன. அதுவும் மூலிகைதான், நல்ல மருந்து, குடித்த உடனே கேட்கும். கொடுத்தார். வலி நின்றது. மறுநாளும் கொடுத்தார். பிறகு வலி வருமுன்பே கொடுக்க ஆரம்பித்தார். மூலிகை என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தார். இது ஒன்றாவது உடனுக்குடன் தன்னால் செய்ய முடிகிறதே என்ற திருப்தியும் இருந்தது.

கினுயேவின் முகம் உப்பியது. கணுக்காலில் காலுறையின் தடம் பள்ளமாகப் பதிந்தது. படி ஏறும்போது தொடையில் கை ஊன்றினாள். ஒரு மத்தியானம் கிண்ணத்தைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தி, "கனமா இருக்கே" என்றாள். கிண்ணம் நழுவி மடியில் கவிழ்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஃபுகுமா டாக்டர் வேகமாக வந்தார். "பொட்டாசியம் ரொம்ப இறங்கிடுச்சு, பிரஷர் ஏறியிருக்கு. நான் குடுத்ததைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?"

இசாவோ சட்டைப் பையிலிருந்து காலிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

டாக்டர் அதைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். "இதுல நிறைய அதிமதுரம் இருக்கு. நான் குடுக்கறதுலயும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா இப்படித்தான் உடம்புல உப்பும் தண்ணியும் தேங்கி, தசைக்கு வேண்டிய சத்து வெளியே போயிடும். வேற டாக்டர் குடுத்தது வீட்டுல இருக்கான்னு நானும் கேட்டிருக்கணும். உங்களுக்கும் அவங்களுக்கும் ரெண்டையும் நிறுத்தறேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா இதயத்துல போய் நின்னிருக்கும்."

"நான்தான் குடுத்தேன்" என்றார் இசாவோ. "வலிக்குதுன்னு அழுதா."

"தெரியுது. சரி பண்ணிடலாம்."

ஆஸ்பத்திரியில் கினுயேவுக்குப் பழைய கோபம் திரும்பியது. மருந்தும் இல்லை, இடமும் புதுசு. ஊசிக் குழாயைப் பிடுங்கினாள். நர்சைக் கிள்ளினாள். தமாயேவைப் பார்த்து, "எங்க வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் திருடினவதானே நீ" என்றாள். "திருடி வித்து முடி வெட்டற கத்தரி வாங்கிட்டேன், உட்காரு" என்றாள் தமாயே. சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

கையைக் கட்டிப்போடலாமா என்று நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இசாவோ வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். குழாய் செருகிய கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடமும் ஒரு சுவரும்தான். அவர் பேச ஆரம்பித்தார். சுவருக்கு மேல் பூனை ஒன்று போவதைச் சொன்னார். வெள்ளை வண்டிக்காரர் குடையை மறந்துவிட்டு ஓடுவதைச் சொன்னார். பனி பெய்யலாம் போலிருக்கிறது, ஆனால் தரையில் தங்காது என்றார். பார்க்க எதுவும் இல்லாமல் போனபோது ஏரியைச் சொன்னார். படகுக்காரர்கள் நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஏரியின் அடியைச் சுரண்டுவதை, சிப்பி மூட்டையை ஏற்றியதும் படகு தாழ்வதை. தொண்டை வறளும்வரை சொன்னார். கினுயே கேட்டாளா இல்லையா தெரியாது. குழாயைப் பிடுங்குவதை நிறுத்தியிருந்தாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. கிண்ணத்தைத் தூக்கும் பலம் கைக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, ரத்தத்தை அடிக்கடி சோதித்துக்கொள்வது என்ற நிபந்தனையின் பேரில், டாக்டர் அதே மருந்தைப் பாதி அளவாக எழுதினார். "இனிமே எதைக் குடுக்கறதுன்னாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க. எதையும் சொல்லாம வாய்க்குள்ளயே வச்சுக்கக் கூடாது."

"பண்றேன்" என்றார் இசாவோ. உண்மையிலேயே பண்ணினார். மிட்டாய் கொடுக்கலாமா என்று கேட்கக்கூட ஒரு தடவை கூப்பிட்டுவிட்டார்.

அவருக்கு மருந்து தேவைப்படவில்லை. வயிற்றின் இறுக்கம் எப்போதோ விட்டிருந்தது. ஆனாலும் அவள் மட்டும் தனியாகக் குடிக்க வேண்டாமே என்று, தன் கிண்ணத்தில் பச்சைத் தேநீரை அடித்துக்கொண்டு எதிரில் உட்கார்வார். மணிக்கட்டு தளர்ந்து, ஓரளவு நுரையும் வரத் தொடங்கியிருந்தது.

பாதி மருந்து பாதி வேலைதான் செய்தது. சில சாயங்காலங்களில் அவள் எரிந்து விழுந்தாள். எப்போதாவது ஒரு குழந்தை வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று, அதற்கும் ஒரு தட்டு வைத்தார்கள். வியாதி அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் கினுயேவின் பேச்சு குறைந்தது, நடை சுருங்கியது. அவரை அவள் டிரைவர் என்றாள், சில நாள் அப்பா என்றாள், சில நாள் பெயரே சொல்லாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பயம் மட்டும் திரும்ப வரவில்லை. அவள் குறைத்த பேச்சையெல்லாம் இசாவோ எடுத்துக்கொண்டார். சிப்பி சூப்புக்கு உப்புப் போடும்போது சொல்லிக்கொண்டு போட்டார், துணி காயவைக்கும்போது எந்தத் துணி யாருடையது என்று சொன்னார். தமாயே காதைப் பொத்திக்கொண்டாள். "போதும் அத்தான், உங்க வாய்க்கு நான் பூட்டு வாங்கணும் போல."

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் விழுந்த இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அவளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சுண்டு விரலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கினுயேவின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. பஞ்சு மாதிரி லேசாக இருந்தது அந்தத் தலை. மூச்சு சீராக வந்தது.

வாசலில் தமாயேவின் குரல். "அத்தான்! கையில சாமான் இருக்கு, கதவைத் திறங்க!"

"பூட்டலை. தள்ளிட்டு வா."

"எழுந்து வந்து திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

இசாவோவின் இடது கால் மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அதை நீட்டாமல், தோளை அசைக்காமல், கழுத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார்.

"மெதுவா பேசு" என்றார். "தூங்கறா."